நன்னம்பிக்கை முனையைச் சுற்றி

கச்சான் காற்று வாவியின் வெக்கையை அள்ளி
மண்டபத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்த வியாழக்கிழமை.
நாலரைக்கு 'மாறும் உலகில் கடற்பாதைகள்'.
பேச்சாளர் முன்னாள் தூதுவர்,
கொழும்பிலிருந்து விடியற்காலை புறப்பட்டவர்.
ஆங்கிலம் அவருடையது.
தமிழ் என்னுடையது,
மணித்தியாலத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

ஒலிவாங்கி ஒன்றுதான்.
ஒரு வசனம் முடித்து அவர் என்னிடம் நீட்டுவார்,
நான் முடித்து அவரிடம் நீட்டுவேன்,
விளிம்புவரை ஊற்றிய தேத்தண்ணிக் கோப்பையைப் போல.

திரை கிழிந்திருந்ததால்
உலகத்தைச் சுவரிலேயே விழுத்தினார்கள்.
மார்கழி வெள்ளம் ஊறிய கறையொன்று
இந்து சமுத்திரத்தின் நடுவே
யாரும் கண்டுபிடிக்காத கண்டமாகக் கிடந்தது.
தூதுவரின் சிவப்பு ஒளிப்புள்ளி
ஒவ்வொரு முறையும் மரியாதையாய் அதைச் சுற்றிப் போனது.
எங்கள் தீவைத் தேடினேன்,
மின்விசிறியின் நிழலுக்குள் வந்து வந்து போனது.

நாலு சொல்லில் அவர் முடித்த உலக ஒழுங்கு
என் வாயில்
'விதிகளை அடிப்படையாகக் கொண்ட சர்வதேச ஒழுங்கமைப்பு' என்று
பஸ் வரிசைபோல நீண்டது.
கடைசி ஆள் ஏறுமுன்பே
அவர் அடுத்த கண்டத்துக்குப் போயிருந்தார்.

'அரசு சாராத ஆயுதத் தரப்புகள்' என்றேன்.
மண்டபத்தில் ஒரு கதிரையும் கிறீச்சிடவில்லை.
அவர் சொன்னது ஏதோ தூரத்துக் கரையை.
முன்வரிசையில்
ஓய்வுபெற்ற நில அளவையாளர் பூபாலப்பிள்ளை
தன் குடைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு
முழுப்பெயர்கள் இருந்தன, விலாசங்கள் இருந்தன.
தண்ணீர் குடித்தேன்.
அடுத்த படம்.

செங்கடல், அதன்மேல் அம்புக்குறிகள்.
ஒழுங்கையில் கடிநாய் நிற்பதைக் கண்டவர்கள்போல
கப்பல்கள் விலகி,
ஆபிரிக்காவின் அடிவரை இறங்கி ஏறி வருகின்றன.
'நன்னம்பிக்கை முனை' என்று தமிழில் சொன்னேன்.
ஒன்பதாம் ஆண்டுப் புவியியலுக்குப் பிறகு
அந்தப் பெயரை நான் வாயில் எடுத்ததில்லை.
பத்து நாள் கூடும் என்றார், சிலவேளை பதினாலு.
எரிபொருள், காப்புறுதி, கொள்கலன் கட்டணம்,
எல்லாவற்றுக்கும் ஒரு நிறத்தில் ஒரு கோடு இருந்தது.

கேள்வி நேரம்.
ஒரு மாணவன் வல்லரசுகளைப் பற்றிக் கேட்டான்,
பதிலையும் கேள்விக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்திருந்தான்.
இன்னொருவர் கேள்வி என்று தொடங்கி
தான் எழுதிய நூலை அறிமுகம் செய்தார்.
பிறகு கதவடியில் ஒரு பெண்,
மடியில் ஹெல்மெட்.
பெயர் நஸீஹா, ஊர் ஏறாவூர்.

"புள்ளட வாப்பா கப்பல்ல எஞ்சின் ரூம்.
அவங்கட கப்பலும்
அந்த நம்பிக்க முனையச் சுத்தித்தான் வருதாம்.
நீங்க சொன்ன அந்தப் பத்து நாளைக்கும்
சம்பளம் இரிக்கா, இல்லியா?"

யாரோ சிரித்தார்கள்.
நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.
அந்தப் பின்னேரத்தில் முதன்முறையாக
வழியில் ஒரு சொல்லும் விழவில்லை.

தூதுவர் கண்ணாடியைக் கழற்றினார்.
வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார்,
அதில் அந்தக் கோடு இல்லை.
நல்ல மனிதர், சுற்றிப் போகவில்லை.
அவருடைய அந்த இரண்டு சொல்லையும்
ஒரே சொல்லாக அவளிடம் கொடுத்தேன்:
"தெரியாது."
உரைத்தாளின் பின்பக்கத்தில்
அவளுடைய தொலைபேசி இலக்கத்தை
அவரே எழுதிக்கொண்டார்.

நன்றியுரை இருபது நிமிடம்.
அதன் பாதியில் வெளியே ஸ்கூட்டியின் சத்தம் கேட்டது.
ரோல்ஸ் ஆறியிருந்தது.
கணக்காளர் சபாநேசன் உறையை நீட்டினார்,
இரண்டு மணித்தியாலம், மூவாயிரம்.
நான் நின்றதோ இரண்டே முக்கால்.
கையெழுத்து வைத்துக் கும்பிட்டு
வாசல்வரை வந்துவிட்டேன்.

காற்று அடங்கியிருந்தது.
மதிலருகே நின்று உறையைப் பிரித்து
இன்னொரு தரம் எண்ணினேன்.
உள்ளே
கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம்
இன்னும் முடியவில்லை.